ஊதிப் பார்த்து எடுத்த பை

ஏப்ரல் 6, ஞாயிறு

என் முதுகில் இலங்கை தெரிகிறதாம்!

சொன்னவர் சிதம்பரநாதன். எங்கள் ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் கூட்டத்தில் எல்லோருக்கும் பின்னால் வருகிறவர். யாராவது பின்தங்கினால், பஞ்சரானால், கூடவே நின்று கூட்டி வருவது அவர் வேலை. யாரும் கொடுத்த வேலை இல்லை, அவராக எடுத்துக்கொண்டது. நான் கூட்டத்தில் சேர்ந்த நாளிலிருந்து நான்தான் கடைசி ஆள். அப்படியானால் இத்தனை நாளும் அவர் பார்த்துக்கொண்டு வந்தது என் முதுகைத்தான். இது எனக்கு இன்றைக்குத்தான் உறைத்தது.

சிறுவாணி ரோட்டு டீக்கடையில் நான் பையைக் கழற்றியதும் சொல்கிறார்: "தப்பா எடுத்துக்காதீங்க மேடம், வேர்வை அப்படியே இலங்கை மேப் மாதிரி இருக்கு. மேல யாழ்ப்பாணம்கூடத் தெரியுது."

கூட்டமே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன். திரும்பி வரும்போது பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்ததில் வழக்கத்தைவிடச் சீக்கிரம் வடவள்ளி வீடு வந்துவிட்டது.

சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று டாக்டர் மிரட்டியதால் நாற்பத்தேழு வயதில் சைக்கிள் வாங்கியவள் நான். பை மட்டும் மகள் அபூர்வாவின் பழைய பள்ளிக்கூடப் பை. பின்பக்கம் முழுக்கக் காற்றே புகாத ரெக்சின். நான் வேலை பார்ப்பதோ துணி சோதனைக்கூடத்தில். ஊர் மில் துணியெல்லாம் எவ்வளவு காற்று விடுகிறது என்று மெஷினில் வைத்துப் பார்த்து சர்ட்டிபிகேட்டில் 'வசுமதி' என்று கையெழுத்துப் போடுகிறவள் முதுகில் ரெக்சின்! வெளியே சொன்னால் மானம் போகும்.

நல்ல பை ஒன்று வாங்கிவிட வேண்டும். சின்னதாக, முதுகில் காற்று போகிற மாதிரி. அந்த மனுஷன் வாயை அடைப்பதற்காகவாவது.

ஏப்ரல் 7, திங்கள்

கண்ணாடிக்கு முதுகைக் காட்டி போனில் படம் எடுத்துப் பார்த்தேன். "அம்மா, என்ன பண்றே?" என்றாள் அபூர்வா. வேர்க்குரு என்றேன். வேர்க்குருவும் இருக்கிறதுதான்.

ஏப்ரல் 12, சனி

ஒப்பணக்கார வீதிக்குப் பக்கத்துச் சந்தில் கனி பாய் என்பவர் பைக்கடை வைத்திருக்கிறார். அங்கே வரச்சொல்லி சிதம்பரநாதன்தான் மெசேஜ் அனுப்பினார், இலங்கை சொன்னதற்குப் பரிகாரமாம். போகலாமா வேண்டாமா என்று யோசித்தேன். (யோசிக்கவில்லை. அரைமணி நேரம் முன்னாலேயே போய் நின்றேன்.)

சைக்கிள் உடுப்பு இல்லாமல் அவரை இன்றைக்குத்தான் பார்க்கிறேன். கட்டம்போட்ட சட்டை, இஸ்திரி போட்டது. மாயவரத்துக்காரர். வங்கியில் மேனேஜர், கோயமுத்தூர் வந்து மூன்று வருடம். கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை. சரி, கேட்டேன். மூன்று தங்கைகளைக் கட்டிக்கொடுத்து நிமிர்ந்து பார்த்தால் தலை நரைத்துவிட்டதாம். "அட, டை அடிச்சாப் போச்சுங்க" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

பாய் பைகளை எடுத்துப் போடப்போட நான் என் சோதனையை ஆரம்பித்தேன். லேபில் மெஷின் ரிப்பேரானால் நாங்கள் செய்வதுதான் இது. துணியை வாயில் வைத்து, மறுபக்கம் உள்ளங்கையை வைத்து, ஊத வேண்டும். கையில் காற்றுப் பட்டால் பாஸ். பட்டும்படாமலும் இருந்தால் பெயில்.

"அம்மா, அது பலூன் இல்லம்மா" என்றார் பாய்.

"உங்களுக்குத் தெரியாதுங்க. நீங்க எடுத்துப் போடுங்க."

ஊதி ஊதி எனக்குத் தலை சுற்றியது. கடைசியில் மேல்தட்டிலிருந்து ஒன்றை எடுத்தார் பாய். மயில்கழுத்து நிறம். அச்சு அசல் என் கல்யாணத்துக்கு முந்தின தீபாவளிப் பட்டுப்பாவாடை நிறம். சின்னது. முதுகுப்பக்கம் வலை இழுத்துக் கட்டியிருந்தது. ஆசையாகக் கையை நீட்டுகிறேன், லேபிலிருந்து போன். திருப்பூர் பார்ட்டி வந்து உட்கார்ந்து சத்தம் போடுகிறானாம். எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டு ஓடினேன்.

அடுத்த சனிக்கிழமை வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை ஒன்று. பலாச்சுளை, மாங்காய் பச்சடி, பாயாசம். பாயாசத்தில் இரண்டே கரண்டிதான் சாப்பிட்டேன். சிதம்பரநாதன் வாழ்த்து அனுப்பியிருந்தார், கீழே ஒரு சைக்கிள் படம். பதிலுக்கு என்ன படம் போடுவது என்று தேடித்தேடி கடைசியில் ஒரு பை படம் போட்டேன்.

ஏப்ரல் 19, சனி

மயில்கழுத்து விற்றுப்போயிற்று!

"போன வாரமே போயிடுச்சும்மா" என்கிறார் பாய், என் முகத்தைப் பார்க்காமல், கூரையைப் பார்த்துக்கொண்டு. சிதம்பரநாதனும் ஏனோ ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு வருத்தமாக இருந்தது. உண்மையைச் சொன்னால், மூன்று நொடிக்கு வருத்தமாக இருந்தது. நான்காவது நொடியில், அப்படியானால் இன்னும் நாலு கடை ஏறி இறங்க வேண்டும் என்பது ஞாபகம் வந்தது.

ஏறினோம். பெரிய மாலில் ஒரு கடையில் நான் ஒரு பையை வாயில் வைத்து ஊதுவதைப் பார்த்து செக்யூரிட்டி ஓடி வந்தார். "மேடம் டெஸ்ட் பண்றாங்க, அவங்க சர்ட்டிபிகேட் குடுக்கறவங்க" என்று சிதம்பரநாதன் ரொம்ப சீரியஸாகச் சொல்ல, அந்த ஆள் சல்யூட் அடிக்காத குறையாகப் பின்வாங்கினார்.

வெளியே வந்ததும் எனக்கே பாடம் எடுத்தார். "கோவிச்சுக்காதீங்க. காத்து துணி வழியா வரணும்னு அவசியமில்ல. பை முதுகுல ஒட்டாம கொஞ்சம் தள்ளி நின்னாப் போதும், பக்கவாட்டுல பூந்து அதுவா போயிடும்." சொல்லிக்கொண்டே என் முதுகுக்குப் பின்னால் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். "இவ்ளோ இடம்." கை மேலே படவே இல்லை. ஆனால் கை இருப்பது தெரிந்தது.

இருபது வருடத்துக்கும் மேலாகத் துணிக்குள் காற்றைத் தேடிக்கொண்டிருந்தவள் நான். சாதாரண விஷயம், எனக்குத் தோன்றவே இல்லை பாருங்கள். இருந்தாலும் விட்டுக்கொடுக்காமல், "அதெல்லாம் சரிங்க, ஊதிப் பாத்தாத்தான் எனக்குத் திருப்தி" என்றேன்.

அவர் சொன்ன மாதிரி வளைந்த கம்பி வைத்த பை ஒன்றும் பார்த்தோம். முதுகைவிட்டு நன்றாகத் தள்ளி நிற்கிறது. ஆனால் உள்ளே இடம் வாழைப்பழம் மாதிரி வளைந்து கிடக்கிறது. கையோடு கொண்டுபோயிருந்த என் மூன்றடுக்கு டிபன் பாக்ஸை வைத்தேன், சாய்ந்துகொண்டது. சாம்பார் கொட்டாதா? வேண்டாம் என்றேன். "ஆமாமா, வேணவே வேணாம்" என்றார் அவர், ரொம்ப சந்தோஷமாக.

ஏப்ரல் 27, ஞாயிறு

இன்னும் சிரிப்பு நிற்கவில்லை. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

மே பதினெட்டாம் தேதி மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி ஏறுகிறார்கள். நானும் வருகிறேன் என்று பெயர் கொடுத்துவிட்டேன். அதற்குப் பழக்கமாக இன்றைக்கு மருதமலை அடிவாரம் வரை போய்ப்போய் வந்தோம். சிதம்பரநாதன் தன்னுடைய தண்ணீர்ப் பையை எனக்கு இரவல் கொடுத்திருந்தார். முதுகுப் பைக்குள் வைத்துக்கொள்கிற ரப்பர் பை அது, அதிலிருந்து ஒரு குழாய் தோள் வழியாக வாய்க்கு வரும். மிதித்துக்கொண்டே உறிஞ்சலாம்.

வெயில் காலத்தில் யாராவது வெறும் தண்ணீர் குடிப்பார்களா? நான் நீர்மோர் ஊற்றினேன். மோர் என்றால் மோர்: இஞ்சி, பச்சைமிளகாய், கொத்தமல்லி, மேலே கடுகும் கருவேப்பிலையும் தாளித்துக் கொட்டி.

அடிவாரத்தில் உறிஞ்சினேன். வரவில்லை. மறுபடி உறிஞ்சினேன். கன்னம் இரண்டும் ஒட்டிப்போயிற்று, ஒரு சொட்டு வரவில்லை. அவர் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்து பையைத் திறந்து, மூடியைக் கழற்றி, உள்ளே குனிந்து பார்க்கிறார். அந்த நேரம் பார்த்து, பழக்க தோஷம், நான் குழாயை வாயில் வைத்து முழு பலத்தோடு ஊதினேன்.

கருவேப்பிலை வெளியே வந்தது. கடுகு வந்தது. இஞ்சி வந்தது. மோர் மொத்தமும் பீறிட்டு அவர் முகத்தில்! மூக்குக் கண்ணாடியில் கொத்தமல்லி, மீசையில் கடுகு. கூட்டம் மூச்சுவிடாமல் நிற்கிறது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். உதட்டில் வழிந்ததை நாக்கால் ஒருதரம் தொட்டுப் பார்த்தார்.

"உப்பு கொஞ்சம் கம்மி" என்றார்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு என்ன நடந்தது, எப்படி வீடு வந்தேன், ஒன்றும் சரியாக ஞாபகமில்லை. மத்தியானம் சாம்பாரில் இரண்டு தரம் உப்புப் போட்டிருக்கிறேன்.

மே 4, ஞாயிறு

அபூர்வா ஒரு பிடிபிடித்துவிட்டாள்.

"ஒரு பைக்கு ஒரு மாசமாம்மா? என்னைக் காலேஜ் சேக்கறதுக்கு நீ அரை நாள் கூட எடுத்துக்கல."

"நல்ல பை கெடைக்க வேண்டாமா கண்ணு? ஒண்ணு ஜிப் சரியில்ல, இன்னொண்ணு வார் தோளை அறுக்குது, அந்தப் பச்சை பாத்தாலே குமட்டுது."

"சிதம்பரநாதன் அங்கிள் என்ன சொல்றாரு?"

"அவருக்கும் எதுவும் புடிக்கலைங்கறாரு."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அப்படியே அவள் அப்பாவின் பார்வை. அவர் போய் ஒன்பது வருடம் ஆகிறது. இத்தனை வருடத்தில் இப்படி ஒரு பார்வைக்கு நான் வேலை வைத்ததே இல்லை.

"அப்பாகிட்டேயும் இப்படித்தான் எதையாவது ஊதிக் காட்டினியா?" என்றாள். தலையணையைத் தூக்கி எறிந்தேன்.

மே 8, வியாழன்

கூட்டத்தின் வாட்ஸப்பில் யாரோ வாழ்த்து போட்டிருக்கிறார்கள். சிதம்பரநாதனுக்குப் பதவி உயர்வாம். தூத்துக்குடிக்கு மாற்றலாம். ஜூன் இரண்டாம் தேதி அங்கே சேர வேண்டுமாம்.

என்னிடம் சொல்லவில்லை.

ஏன் சொல்ல வேண்டும்? நான் யார்? பை பார்க்கக் கூட வந்தவர், அவ்வளவுதானே. எனக்கென்ன வந்தது. நானும் 'வாழ்த்துகள்' என்று போட்டேன். படம் எதுவும் போடவில்லை.

மே 10, சனி

இன்றைக்குக் கிடைத்ததை எடுத்துக்கொண்டு இந்தக் கதையை முடித்துவிடுவது என்றுதான் போனேன். காந்திபுரத்தில் ஒரு கடை. வழக்கம்போல சிதம்பரநாதனும் வந்திருந்தார். முதலில் தெரிந்த பையைத் தூக்கி, "இதைப் பில் போடுங்க" என்றேன். ஊதக்கூட இல்லை.

"ஒரு நிமிஷம்" என்றார் அவர். "ஜிப்பைப் பாருங்க, நாலு மாசம் தாங்காது."

அடுத்ததை எடுத்தேன். "தையல் சரியில்ல." அதற்கடுத்தது. "மழை பெஞ்சா உள்ள போயிடும்." அதற்கடுத்தது. "கலர் உங்களுக்கு எடுப்பா இருக்காது."

எனக்கு எங்கிருந்து வந்ததோ அவ்வளவு ஆத்திரம். கடை என்றும் பார்க்கவில்லை.

"ஏனுங், ஜூன்ல இருந்து என் ஜிப்பை யாருங்க பாக்கறது? தூத்துக்குடியில உக்காந்துக்கிட்டு, தையல் சரியில்ல, மழை பூந்துரும்னு போன்ல சொல்லுவீங்களா?"

கடைக்காரர் பில் புத்தகத்தை மெல்ல மூடினார். சிதம்பரநாதன் முகம் செத்துப்போயிற்று.

"சொல்லணும்னுதான் இருந்தேன். எப்படிச் சொல்றதுன்னு தெரியல" என்றார். அதற்குமேல் ஏதாவது சொல்வார் என்று நின்றேன். பக்கத்திலிருந்த பையின் ஜிப்பைத் திறந்தார், மூடினார்.

நான் வெளியே வந்து பஸ் ஏறிவிட்டேன். பஸ்ஸில்தான் அழுதேன். டவுன் பஸ்ஸில் இவ்வளவு கூட்டமும் நல்லதுக்குத்தான், யாரும் கவனிக்கவில்லை.

மே 12, திங்கள்

லேபில் வேலை அதிகம்.

மே 14, புதன்

அவரிடமிருந்து மெசேஜ். 'ஞாயிறு கோத்தகிரி வருவீங்கதானே?' அதைப் பதினைந்து தரம் படித்துவிட்டு 'பை இல்லை' என்று மட்டும் அனுப்பினேன்.

மே 17, சனி

ஐயோ! ஐயையோ! இதை யாரிடம் சொல்வேன்?

காலையில் தனியாகக் கனி பாய் கடைக்குப் போனேன். நாளைக்கு மலை ஏற வேண்டும், ரெக்சினோடு போனால் வெந்துவிடுவேன். "ஏதோ ஒண்ணு குடுங்க பாய், சின்னதா. ஊதலைங்க, பயப்படாதீங்க" என்றேன்.

பாய் என்னையே பார்த்தார். "சார் வரலியா?"

"வர மாட்டார். அவருக்கு ஊர் மாத்தல்."

"மாத்தலா!" பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். "அப்ப இனிமே நான் எதுக்கும்மா பொய் சொல்லணும்?" ஸ்டூலை இழுத்துப்போட்டு ஏறி, பரணுக்குள் கையைவிட்டு, செய்தித்தாள் சுற்றிய ஒரு பொட்டலத்தை எடுத்தார். பிரித்தார்.

மயில்கழுத்து.

"வித்துப்போச்சுன்னீங்களே பாய்!"

"நான் எங்கம்மா வித்தேன்? அன்னிக்கு நீங்க போன் வந்து ஓடினீங்கள்ல, சார் திரும்பி வந்தாரு. 'பாய், இது அவங்களுக்குப் புடிச்சிரும், புடிச்சிட்டா தேடறது நின்னுரும், கொஞ்ச நாளு மேல வைங்க'ன்னாரு. ஒரு வாரம்னு நெனச்சேன். மனுஷன் ஒரு மாசத்துக்கு மேல இழுத்துட்டாரு. வாரா வாரம் உங்களைப் பாக்கப் போறதுக்கு முன்னாடி இங்க வந்து, பரண்ல இருக்கான்னு எட்டிப் பாத்துட்டுத்தான் போவாரு. யாராவது மயில்கழுத்து கேட்டா எனக்கு நெஞ்சு திக்குங்கும்."

நான் அந்தக் கடை வாசப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். சிரிக்கிறேன், சிரிக்கிறேன், நிற்க மாட்டேன் என்கிறது. ரோட்டில் போகிறவர்கள் பார்க்கிறார்கள். பாயும் சிரிக்கிறார். நான் எந்தப் பையையும் சரியில்லை என்று சொல்லிக்கொண்டு ஊரைச் சுற்றியது எதற்கோ, அந்த மனுஷனும் அதற்குத்தான் சுற்றியிருக்கிறார்! நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து எத்தனை நல்ல பைகளின் பெயரைக் கெடுத்திருக்கிறோம்!

ஒரு சம்பிரதாயத்துக்கு ஊதிப் பார்த்தேன். காற்று நன்றாகப் போகிறது. டிபன் பாக்ஸ் நேராக உட்காருகிறது.

வீட்டுக்கு வந்து அபூர்வாவிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அவருக்கு வாய் வராதும்மா. நீதான் கேக்கணும்."

"உனக்கு..."

"எனக்கு ஓகேன்னு நீர்மோர் அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன்" என்றாள். பிறகு என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். நான் அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன்.

மே 18, ஞாயிறு

மேட்டுப்பாளையத்தில் இருட்டோடு கிளம்பினோம். அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு முன்னால் மிதித்தேன். வேண்டுமென்றேதான். பார்க்கட்டும்.

வெளிச்சம் வரவர அவருக்கு நிறம் தெரிந்திருக்க வேண்டும். பின்னாலிருந்து 'க்ரீச்' என்று பிரேக் சத்தம். திரும்பவில்லை. மூன்றாவது வளைவு தாண்டி எனக்கு மூச்சு முட்டியது, ஏற்றத்தால் மட்டும் இல்லை. கூட்டம் மேலே போய்விட்டது. ஒரு பாலத்துத் திட்டில் சைக்கிளைச் சாய்த்து நின்றேன். அவரும் வந்து நின்றார். கைக்குட்டையை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டேயிருந்தார்.

"பை நல்லா இருக்குதுங்களா?" என்றேன்.

"...நல்லா இருக்கு."

"பரண்ல இருந்துச்சுங்க."

அவர் காது மடல் சிவந்ததை அவ்வளவு கிட்டத்தில் பார்த்தேன். ஐம்பத்திரண்டு வயசு மனுஷன்! "வசுமதி, நான் வந்து... தப்புதான். பை கெடைச்சிட்டா அப்பறம் சனிக்கிழமை நீங்க எதுக்கு வரப்போறீங்கன்னு..." மாடுமாதிரி விழித்தார். வங்கியில் எத்தனை பேருக்குக் கடன் இல்லை என்று சொல்லியிருப்பார், அந்த வாயா இது?

"தூத்துக்குடியில சைக்கிள் ஓட்ட ரோடு இருக்குதுங்களா?"

"இருக்கு. கடலோரமா. ஆனா சரியான எதிர்க்காத்து."

"இருக்கட்டும். அபூர்வா படிப்பு முடிய ஒரு வருஷம் இருக்குது. அதுவரைக்கும் நீங்க இங்க வந்துட்டுப் போங்க, நான் அங்க வந்துட்டுப் போறேன். சனிக்கிழமை சனிக்கிழமை. பழகினதுதானே. அதுக்கப்பறம் எந்த ஊருன்னு பாத்துக்கலாம்."

அவர் என்னையே பார்த்தார். புரிந்தும் நம்பாமல் நிற்கிறார் என்று தெரிந்தது. இனி சுற்றி வளைத்தால் மத்தியானமாகிவிடும்.

"ஒண்ணே ஒண்ணுங்க" என்றேன். "தாலிய ஒரே நாள்ல எடுத்துரணும். அதுக்கும் கடை கடையா என்னை ஏறி எறங்க வெச்சீங்கன்னா பாத்துக்குங்க. நானும் ஊதிப் பாக்க மாட்டேன்."

முதலில் சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு இரண்டையும் சேர்த்துச் செய்தார். பையைக் கழற்றி டிபன் பாக்ஸைத் திறந்தேன். தயிர்சாதம். ஒரு வாய் சாப்பிட்டார். நான் அவர் முகத்தையே பார்த்தேன்.

"உப்பு சரியா இருக்கு" என்றார்.

அதற்குமேல் கோத்தகிரி வரை நான் மிதித்தேனா, என்னை யாராவது தள்ளினார்களா, தெரியாது. ஒரு தடவை கூட இறங்கவில்லை.

மேலே போய்ப் பையைக் கழற்றியதும் முதுகைத் திருப்பிக் காட்டினேன். "இலங்கை?"

"காணோம்" என்றார்.

மே 24, சனி

தாலி எடுத்தோம். முதல் கடையிலேயே, முதல் தட்டிலேயே. அரைமணி நேரம்கூட ஆகவில்லை. வெளியே வந்து மணியைப் பார்த்துக்கொண்டு இரண்டு பேரும் தெருவில் திருதிருவென்று நின்றோம்.

"இப்ப என்னங்க பண்றது?" என்றேன்.

அவர் என் தலையைச் சுற்றிப் பார்த்தார். யோசித்தார். "உங்க ஹெல்மெட்ல காத்து சரியா போற மாதிரி தெரியலியே" என்றார்.

கனி பாய் கடையிலிருந்து ஆரம்பித்திருக்கிறோம்.